மைசூர் அரசின் கருத்தடை நிலையங்களும் மக்கள்தொகைக் கொள்கையும்

முன்னுரை

ஓர் அரசு தன் குடிகளின் மகப்பேற்றில் தலையிடுங்கால், தாயின் நலம் கருதித் தலையிடுகிறதா, மக்கள் எண்ணிக்கை கருதித் தலையிடுகிறதா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்கான விடையின் தொடக்கத்தை மைசூர் அரசின் வரலாற்றில் காணலாம்.

1930ஆம் ஆண்டு ஆணை

சமூகச் சட்டங்களில் மைசூர் அரசு முன்னோடியாக விளங்கியது. எட்டு வயது நிரம்பாத சிறுமியரின் திருமணத்தை அது 1894இலேயே தடைசெய்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்தபோது, 1930 ஜூன் 11இல் முதன்மை மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்கள் தொடங்க ஆணை பிறந்தது. அரசே நடத்திய இத்தகைய நிலையங்களுள் உலகில் இவையே முதலானவை என்பர். இங்குக் கருத்தடை மருத்துவமனைப் பணியாகவே அமைந்தது. நாடி வந்தோர்க்கே அது வழங்கப்பெற்றது.

அதே காலத்தில் தமிழகத்தில் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கருத்தடையை வலியுறுத்தினார். பிறர் உடல்நலத்தையும் பொருளாதாரத்தையும் காரணமாகக் காட்ட, அவர் பெண்ணின் விடுதலையை முன்வைத்தமை குறிப்பிடத்தக்கது.

சேவையிலிருந்து இலக்கிற்கு

விடுதலைக்குப் பின் 1952இல் இந்தியா குடும்ப நலத் திட்டத்தை நாடு தழுவியதாக்கியது. அதன் தொடக்கச் சோதனைகளுள் ஒன்று மைசூர் மாநிலத்து இராமநகரத்தில் நிகழ்ந்தது. பாதுகாப்பான நாள்களைக் கணக்கிடப் பெண்களுக்கு நிறமணி மாலைகள் தரப்பட்டன. பயன் மிகுதியாக விளையவில்லை. மக்களின் விருப்பத்திற்கும் அவர்கட்குக் கிட்டிய வழிமுறைக்கும் இடையே இருந்த தொலைவை இச்சோதனை உணர்த்தியது எனலாம்.

அத்தொலைவை ஆலோசனையால் கடப்பதற்கு மாறாக, இலக்குகளால் கடக்க 1976ஆம் ஆண்டுக் கொள்கை முயன்றது. மாநிலங்களுக்கான நடுவண் திட்ட உதவியில் 8 விழுக்காடு குடும்பக் கட்டுப்பாட்டுச் செயற்பாட்டோடு பிணைக்கப்பட்டது. 1976–77இல் ஏறத்தாழ 82 இலட்சம் அறுவைகள் நடைபெற்றன. அவற்றுள் பல கட்டாயத்தின் விளைவாகும். மக்களின் நம்பிக்கை குன்றியது. 1996இல்தான் இலக்கு முறை கைவிடப்பட்டது.

விளைவுகள்

தேசியக் குடும்ப நல ஆய்வுகளின்படி, 1992–93இல் 2.85ஆக இருந்த கர்நாடகத்தின் மொத்தக் கருவள வீதம் 2019–21இல் 1.7ஆகக் குறைந்தது, தமிழகத்தில் 2.48 என்பது 1.8 ஆயிற்று. பிறப்பு குறையும்போது தொடக்கப் பள்ளிகளில் சேர்வோர் அருகுவர்; முதியோர் பங்கு பெருகும். 2011 கணக்கெடுப்பில் அறுபது வயது கடந்தோர் இந்தியாவில் 8.6, கர்நாடகத்தில் 9.5, தமிழகத்தில் 10.4 விழுக்காட்டினராவர். எனவே பள்ளி, மகப்பேற்று விடுதி ஆகியவற்றிற்காக வகுக்கப்பட்ட பொதுப்பணிகள் ஓய்வூதியம், நாள்பட்ட நோய் மருத்துவம் ஆகியவற்றை நோக்கித் திரும்ப வேண்டியுள்ளது.

இம்மாற்றம் நாடாளுமன்றத்தையும் தொட்டது. பிறப்பைக் குறைத்த மாநிலங்கள் இடம் இழக்கலாகாது என்பதற்காக, 1976இல் மக்களவை இடப் பங்கீடு 1971 கணக்கெடுப்பளவில் நிறுத்தப்பட்டது. 84ஆம் திருத்தம் (2001) அதனை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. பதினைந்தாம் நிதிக்குழுவும் 2011 மக்கள்தொகையைக் கொண்டு கணக்கிட்டபோது, கருவளம் குறைத்தமைக்கு 12.5 விழுக்காடு மதிப்பளித்து ஈடுசெய்ய முற்பட்டது.

முடிவுரை

தொகுத்து நோக்குங்கால், 1930இல் மைசூரில் மருத்துவமனை அறையொன்றில் தொடங்கிய பணி, அரை நூற்றாண்டிற்குள் மாநிலங்களின் நிதியையும் பிரதிநிதித்துவத்தையும் அளக்கும் கோலாயிற்று. ஆலோசனையாக நின்றவரை அது பெண்ணின் தெரிவாக இருந்தது. இலக்காக மாறியபோது அத்தெரிவு பறிபோனது. பிறப்பைப் பெருக்க வேண்டும் என்னும் குரல்கள் எழும் இன்றைய சூழலிலும் மைசூர் முன்னோடி உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.