கண்டன்சர் சாகும் விதங்கள்

ரிட்சி தெருவில் வீடியோ கேம் சர்வீஸ் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கதை மனப்பாடம். ஜப்பான் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர் கண்டன்சருக்குள் ஊற்றும் ரசாயனத்தின் செய்முறையைச் சீனாவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அதை வேறு சிலர் தைவானுக்குக் கடத்தினார்கள். கடத்தியது அரைகுறை. அதனால்தான் உலகத்து மதர்போர்டுகள் எல்லாம் உப்பி வெடித்தன. இப்போது வாடிக்கையாளர்களே யூடியூப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, இதுவும் அந்தத் தைவான் சரக்கா?" என்று கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு நான் இல்லை என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தக் கதை ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை வந்த சரக்குக்குத்தான் பொருந்தும். அதற்கு முன்னாலும் பின்னாலும் கண்டன்சர்கள் வேறு வேறு வியாதியில் செத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே திருடனைக் கைகாட்டிவிட்டால் போர்டைச் சரியாகப் பார்க்கத் தோன்றாது.

எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் பழைய சங்கதி. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் என்பதை வைத்து கரோல் பொல்லாக் என்பவர் 1896-இல் காப்புரிமை வாங்கினார். அப்போது அது திரவம் நிறைந்த பாத்திரம். 1920-களில் அமெரிக்காவில் சாமுவேல் ரூபன் அதைக் கையடக்கமாக்கினார். பின்னாளில் டியூராசெல் பேட்டரிக்கு வழிபோட்டவரும் அவர்தான். இன்றும் உள்ளே இருப்பது அதேதான்: இரண்டு அலுமினியத் தகடு, நடுவில் ரசாயனத்தில் நனைத்த காகிதம், பாய் சுருட்டுவது போலச் சுருட்டி டப்பாவில் அடைத்து, அடியில் ரப்பர் மூடி. மேலே 105 டிகிரி என்று போட்டிருக்கும். அந்தச் சூட்டில் 2000 மணி நேரம் தாங்கும் என்பது பல சாதாரண ரகங்களின் கணக்கு. சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஒரு நாள் காயப்போகிற பொருள் அது.

சென்னையில் கேம் ரிப்பேர் என்று ஒரு தொழில் தலையெடுத்தது பர்மா பஜார் சரக்கை வைத்து. பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்களுக்காக 1969-இல், பீச் ஸ்டேஷனுக்கு எதிரே ஏற்பட்ட கடைவரிசை அது. தொண்ணூறுகளில் அங்கே டிவி கேம் பெட்டிகள் குவிந்திருக்கும். நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல்கள். திறந்தால், கறுப்புத் தார்ச்சொட்டுக்குக் கீழே மொத்த மூளையும் ஒளிந்திருக்கும், அதை யாராலும் தொட முடியாது. நாம் தொடக்கூடியது 7805 ரெகுலேட்டர், அடாப்டர் ஜாக், அப்புறம் கண்டன்சர். டிவியில் படுக்கைவாட்டில் ஒரு பட்டை மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருந்தால், ஸ்பீக்கரில் 'உம்' என்று இரைந்தால், ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துவிட்டது. ரேடியோ, டேப் ரெக்கார்டர் பார்த்த மெக்கானிக்குகளுக்கு இது பழகின வியாதி. மீட்டர்கூட வேண்டாம், கண்ணும் காதும் போதும். நான் தொழில் கற்றது அப்படிப்பட்ட ஒருவரிடம்தான்.

அந்தப் பாடம் உதவாமல் போனது செகாவின் கேம் கியரில். 1990-இல் ஜப்பானில் வந்த கையடக்கக் கலர் கேம், ஆறு பென்சில் பேட்டரி தின்னும். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிவந்தவை இன்னும் பரணிலிருந்து இறங்கி வருகின்றன. படம் மங்கல், ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, ஹெட்போன் போட்டால் மட்டும் கேட்கும். திறந்து பார்த்தால் ஒரு கண்டன்சரும் உப்பியிருக்காது. போர்டின் மேலேயே உட்காரும் குட்டி எஸ்.எம்.டி. டப்பாக்கள், பார்வைக்குப் புத்தம் புதுசு. சால்டரிங் அயர்னை வைத்தவுடன் மீன் கவிச்சி அடிக்கும், அதுதான் அடையாளம். எண்பதுகளின் கடைசியில் ஜப்பானியக் கம்பெனிகளே குவாட்டர்னரி அம்மோனியம் என்ற உப்பைக் கரைசலில் சேர்த்தார்கள். கண்டன்சர் நன்றாக வேலை செய்தது, ஆனால் அந்தக் கரைசல் காரமாகி அடிமூடியின் ரப்பரையே தின்று கசிந்தது. கசிந்தது போர்டின் செம்புத் தடங்களையும் விடவில்லை. அதே காலத்து மேக்கின்டாஷ், அமிகா 1200, கேம்கோடர் எல்லாம் இப்படித்தான் போயின. இதில் திருட்டும் இல்லை, தைவானும் இல்லை. நல்ல பெயரெடுத்த கம்பெனிகள் நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றம்.

இதைக் கழற்றுவதில் எங்களுக்குள் சண்டை உண்டு. குறடால் பிடித்துத் திருகினால் வந்துவிடும் என்பார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. ரசாயனம் ஊறிய பேடு ஏற்கெனவே போர்டிலிருந்து பாதி விட்டிருக்கும், திருகினால் அதுவும் சேர்ந்து வரும். இரண்டு அயர்னை இரண்டு காலிலும் வைத்துத் தூக்குவதுதான் மரியாதை. காரத்தை முறிக்கக் கொஞ்சம் வினிகர், பிறகு தண்ணீர், கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கழுவாமல் புதுசைப் போட்டால் ஈயமே ஒட்டாது.

இனி, முதலில் சொன்ன அந்தப் பிரபலமான கண்டன்சர் கொள்ளைநோய்க் காலம். பிராசசர்கள் மின்சாரத்தை வாரிக் குடிக்க ஆரம்பித்ததும், உள்தடை குறைந்த கண்டன்சர் தேவைப்பட்டது. தண்ணீர் அதிகம் கலந்த கரைசல் அதற்கு வசதி, விலையும் மலிவு. ஆனால் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதைத் தடுக்கும் சேர்மானம் இல்லாவிட்டால் டப்பா உப்பி, தலையில் கீறியிருக்கும் கோடு பிளக்கும். ரூபிகான் என்ற ஜப்பான் கம்பெனியிலிருந்து விலகிய ஒரு விஞ்ஞானியில் தொடங்கும் திருட்டுக் கதை 2002, 2003 வாக்கில் தொழில் பத்திரிகைகளில் வந்தது. கதை சுவையானதுதான். ஆனால் அதே காலத்தில் டெல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களில் உப்பியவை நிச்சிகான் கண்டன்சர்கள், சுத்த ஜப்பான் சரக்கு. அந்தத் தலைவலிக்காக டெல் 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. இந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை.

அந்தக் கொள்ளைநோய்க் காலத்துப் பெட்டிகளில் எனக்குப் பிடித்ததும் எரிச்சலூட்டுவதும் முதல் எக்ஸ்பாக்ஸ். 2001 நவம்பரில் அமெரிக்காவில் வந்தது. உள்ளே ஏறக்குறைய ஒரு பி.சி.: 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசசர், ஹார்டு டிஸ்க் எல்லாம் உண்டு. பி.சி.யில் மணி காட்ட ஒரு நாணயப் பேட்டரி இருக்கும். இதில் அதற்குப் பதிலாக ஒரு சூப்பர் கண்டன்சர் வைத்தார்கள், 2.5 வோல்ட், ஒரு ஃபாரட். பெரிய ஃபில்டர் கண்டன்சரே மைக்ரோஃபாரட்டில் ஆயிரக்கணக்கில்தான் இருக்கும். இதுவோ பத்து லட்சம் மைக்ரோஃபாரட். உள்ளே கார்பன் ஏரோஜெல். அணுகுண்டு வடிவமைக்கும் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான பொருள், சோபா பக்கத்துப் பெட்டியில் மணி பார்க்க வந்து சேர்ந்தது.

அதுவும் எத்தனை நேரத்துக்கு? பிளக்கைப் பிடுங்கினால் சில மணி நேரம்தான் நினைவு வைத்திருக்கும். மறுநாள் போட்டால் தேதியைக் கேட்கும். இவ்வளவு அற்ப வேலை செய்கிற கண்டன்சர்தான் கசிந்து பக்கத்து ட்ராக்குகளை அரிக்கிறது. பவர் பட்டனுக்குப் போகும் முடிக்கனத் தடங்கள் அருகிலேயே ஓடுவதால், பெட்டி தானாக ஆன் ஆகும், அல்லது என்ன அழுத்தினாலும் ஆகாது. பேய் பிடித்தது என்று கொண்டுவருவார்கள். போர்டில் 1.0 தொடங்கி 1.6 வரை ரகங்கள் உண்டு. கடைசி ரகத்தில் மட்டும் வேறு கண்டன்சர் போட்டிருப்பதால் அது பெரும்பாலும் கசிவதில்லை. மற்றதெல்லாம் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, பிடுங்கிவிடு என்பேன். புதுசு போடத் தேவையில்லை. மணிதான் போகும், கேம் ஓடும். பிராசசரைச் சுற்றி நிற்கும் பெரியவை வேறு விஷயம். அவை உப்பியிருந்தால் அதே மதிப்பில், உள்தடை குறைந்த ரகமாகப் பார்த்துப் போட்டாக வேண்டும். மீட்டரில் மைக்ரோஃபாரட் சரியாகக் காட்டுகிறதே என்று ஏமாறக் கூடாது. ஈ.எஸ்.ஆர். மீட்டர் வைத்து உள்தடையைப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும்.

பிளேஸ்டேஷன் 3 பஞ்சாயத்தை நீட்ட விரும்பவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்து நின்றால் முதலில் ஈய இணைப்பைச் சொன்னார்கள், பெட்டிகளை ஹீட் கன்னில் வறுத்தார்கள். பிறகு என்.இ.சி. டோகின் என்ற தட்டைக் கண்டன்சரைச் சொன்னார்கள். பிறகு கிராஃபிக்ஸ் சிப்பின் உள்ளிணைப்பைச் சொல்கிறார்கள். மூன்றும் பார்த்திருக்கிறேன். டோகினை எடுத்துவிட்டு டான்டலம் கண்டன்சர் போடுகிற பையன்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: அலுமினிய டப்பாவில் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ், டான்டலத்தில் பட்டை போட்ட பக்கம் பாசிட்டிவ். மாற்றிப் போட்டால் தீப்பிடிக்கும்.

2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சில் டப்பா கண்டன்சர் தேடினால் கிடைக்காது. எள்ளளவு செராமிக் துணுக்குகள்தான். இவை உப்பாது, ஒழுகாது, காயாது. போர்டு வளைந்தால் உள்ளே விரிசல் விட்டு ஷார்ட் ஆகும். ஒரு வோல்ட் அளவில் சப்ளை கொடுத்து, போர்டின் மேல் ஆல்கஹாலைத் தடவினால், ஷார்ட்டான துணுக்கின் மேல் முதலில் உலரும். அதை எடுத்துவிடலாம். ஆனால் எதைத் திருப்பிப் போடுவது? பாசிட்டிவ் நெகட்டிவ் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் மேலே ஓர் எழுத்தும் இருக்காது. அதே மாடலின் செத்த போர்டில், அதே இடத்திலிருந்து கழற்றிப் போடுவதுதான் வழி. அதனால்தான் எங்கள் சந்தில் செத்த ஸ்விட்ச் போர்டுக்கும் பேரம் நடக்கிறது.