எலி விழுந்த வீடு

போன தை மாசம் பக்கத்து ஊரில் ஒரு பழைய ஓட்டு வீட்டைக் கிரயம் செய்தோம். பாகம் பிரிந்த பிறகு ஆறு வருஷமாகத் தோட்டத்துச் சாளையில்தான் குடியிருந்தோம். தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற சின்ன வீட்டை எங்க கொங்குப் பக்கம் சாளை என்போம். ஒரே அறைதான், அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. 91 வயசு அம்மாயியை (அம்மாவின் அம்மா) அதற்கு மேலும் அங்கே வைத்திருக்க மனசு வரவில்லை.

வாங்கிய வீடு ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. விற்றவர்களின் பிள்ளைகள் எல்லாரும் டவுனில் இருக்கிறார்கள். கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு மொடாவில் பாதி கம்பும், மூலையில் சாய்ந்து கிடந்த கொள்ளு மூட்டையும் அப்படியே இருந்தன. மூட்டை என்று சொல்வது மரியாதைக்குத்தான். சாக்கு கிழிந்து சல்லடையாக இருந்தது.

பால் காய்ச்சிய அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிட்டது, வீட்டுக்கு எங்களுக்கு முன்பே ஆள் குடியிருக்கிறது என்று. அட்டாலி மேலே சோழி உருட்டுவது போலச் சத்தம். காலையில் பார்த்தால் சோப்பில் பல் பதிந்த தடம், மிக்ஸி ஒயரில் செம்பு தெரிகிறது. புழுக்கையைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடலாம். அரிசியை விடச் சின்னதாக, முனை கூராக இருந்தால் சுண்டெலி. அதைவிடப் பெரிசாக, நீளமாக இருந்தால் கூரையில் குடியிருக்கும் கருப்பு எலி. எங்க வீட்டில் இரண்டும் இருந்தன.

உரக்கடையில் கேட்டேன். கட்டி மருந்து கொடுத்தார்கள். அட்டாலியில் நாலு இடத்தில் வைத்தேன்.

நாலாம் நாள் மத்தியானம். ஆசாரத்தில் கட்டில் போட்டு அம்மாயி படுத்திருந்தார். ஓட்டிலிருந்து ஒரு எலி கட்டிலுக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தது. இரண்டு தடவை காலை உதறியது, அடங்கிவிட்டது. பிடிக்க ஆள் இல்லாமல் எழுந்திருக்காத அம்மாயி, தடிகூட எடுக்காமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"எலி உழுந்த ஊட்ல இருக்கப்படாது கண்ணு. என்னைச் சாளைக்கே கூட்டிட்டுப் போயிரு."

"மருந்து வெச்சதுல செத்திருக்கு அம்மாயி" என்று சிரித்தேன்.

"எதுல செத்தா என்ன? எங்கம்மா சொன்னது அதுதான்."

பொழுது சாய்கிற வரைக்கும் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. கடைசியில் வண்டியில் வைத்துச் சாளைக்கே கூட்டிப் போனேன். "பெரியவங்க இருக்க மாட்டேங்கற வீட்டுல நாம மட்டும் என்னத்த இருக்கறது?" என்று என் சம்சாரமும் மூட்டையைக் கட்டினாள். சேர்த்து வைத்த காசும், வாங்கிய கடனும் அந்த வீட்டில் போட்டிருக்கிறேன். ஒரு செத்த எலி எங்களை வெளியே அனுப்பிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி கோபத்தை அடக்கிக்கொண்டு அம்மாயியிடம் கேட்டேன். அவர் சொன்னது அவருடைய அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது. ஊருக்குள் வீட்டுக்கு வீடு கூரையிலிருந்து எலி செத்து விழ ஆரம்பித்ததாம். விழுந்த மறுநாளே ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், சோளத்தட்டில் குடிசை போட்டுத் தங்கியது. (எங்க பேச்சில் காடு என்றால் வயல்.) அம்மாயியின் பெரிய மாமன் மட்டும் தானியத்துக்குக் காவல் என்று வீட்டிலேயே இருந்துகொண்டார். தொடை இடுக்கில் நெறி கட்டியது, காய்ச்சல் கண்டது, நாலே நாளில் போய்விட்டார். காட்டுக்குப் போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நெறி, காய்ச்சல், விழுகிற எலி. பிளேக் என்று புரிந்தபோது என் சிரிப்பு அடங்கிவிட்டது.

1894-இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோதுதான் அலெக்சாண்டர் யெர்சின் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1896-இல் நோய் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்தது. பிறகு ரயில் போன திசையெல்லாம் போனது. 1898-இல் பெங்களூரு. பெங்களூருவில் இருக்கும் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், நெரிசலான பேட்டைகளை விட்டு ஜனம் வெளியேறிய அந்தக் காலத்தில்தான் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் எழுந்தன. சென்னை மாகாணத்தில் மற்ற ஜில்லாக்களைவிட மைசூர்ச் சீமையை ஒட்டியிருந்த கோவை, சேலம் போன்றவைதான் அடி வாங்கின. கோவையில் இன்றைக்கும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் உண்டு. நோயின் இங்கிலீஷ் பெயரையே சாமிக்கு வைக்கிற அளவுக்கு ஜனம் அதைக் கண்டு பயந்திருக்கிறது. நாடு முழுக்க அந்த நோயில் செத்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

சர்க்கார் என்ன செய்தது? 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. கொரோனா வந்தபோது 2020-இல் தூசி தட்டி எடுத்தது அதே சட்டத்தைத்தான். புனேயில் பட்டாளத்தை வீடு வீடாக அனுப்பிச் சோதனை போட்டார்கள். சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தக் கோபத்தில்தான் அதே வருஷம் ஜூன் மாசம் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். இத்தனைக்கும் நோய் எப்படிப் பரவுகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அழுக்கு, கெட்ட காற்று, ஈரத் தரை என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1898 ஜூன் மாசம் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் நடுவில் இருந்த கண்ணியைப் பிடித்தார். தெள்ளுப்பூச்சி! எலி செத்து உடம்பு ஆறியதும் அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சி இறங்கி வேறு சூடான ரத்தம் தேடும். பக்கத்தில் மனுஷன் இருந்தால் மனுஷன். அவர் சொன்னதைப் பலரும் நம்பவில்லை. 1905-க்குப் பிறகு பம்பாய் பரேலில் பிளேக் கமிஷன்காரர்கள் சோதனை செய்தார்கள். நோய் கண்ட வீட்டின் தரையில் விட்ட கினிப் பன்றிக்கு நோய் வந்தது. தெள்ளுப்பூச்சி எட்டித் தாவ முடியாத உயரத்தில் கூண்டில் தொங்கவிட்டதற்கு வரவில்லை.

இப்போது அம்மாயியின் அம்மா ஊரை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குத் தெள்ளுப்பூச்சி தெரியாது, கிருமி தெரியாது. எலி விழுந்தால் வீட்டை விடு, அவ்வளவுதான் தெரியும். இது எங்க ஊருக்கு மட்டும் தெரிந்த விஷயமும் இல்லை. இமயமலைப் பக்கம் குமாவுன், கர்வால் கிராமங்களில் பம்பாய்க்கு நோய் வருவதற்குப் பல பத்து வருஷம் முன்பே, எலி செத்தால் ஊரைக் காலி செய்யும் வழக்கம் இருந்தது. காட்டுக்குப் போனதால் தெள்ளுப்பூச்சியிடமிருந்து விலகிப் போனார்கள். காரணம் தெரியாமலே சரியானதைச் செய்தார்கள்.

அடுத்த நாள் அந்த வீட்டுக்குத் தனியாகப் போய், ஏணி போட்டு ஏறிக் கூரையைப் பார்த்தேன். எங்க வீட்டுக் கூரை நாட்டு ஓடு. வளைந்த சின்ன ஓட்டை மல்லாத்தியும் கவிழ்த்தும் அடுக்கு அடுக்காகப் போடுவது. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் எலிக்கு ஒரு அறை. பம்பாய்க் கமிஷன்காரர்களும் இந்த மாதிரிக் கூரையைத்தான் கருப்பு எலியின் குடியிருப்பு என்று எழுதிவைத்தார்கள். கருப்பு எலி உயரத்தில் வாழ்வது, அதனால்தான் அது "விழுகிறது". அந்தக் காலத்தில் பம்பாயில் நோய் கண்ட வீடுகளின் ஓட்டைப் பிரித்து வெயில் விட்டதற்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. 1994-இல் சூரத்தில் பிளேக் என்று லட்சக்கணக்கான பேர் ரயிலேறி ஓடியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தின மாசம் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கிராமத்தில் நோய் தெரிந்தது. 1993 செப்டம்பரில் லாத்தூர் பூகம்பம். பயந்துபோன ஜனம் வீட்டையும் தானியத்தையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே தங்கியது. பூட்டிய வீட்டுத் தானியத்தில் எலி பெருகியது ஒரு காரணம் என்று அப்போது கருதினார்கள். பூட்டிய வீடு, உள்ளே தானியம். நான் வாங்கியதும் அதைத்தான்.

பயப்பட வேண்டாம், எங்க வீட்டில் விழுந்தது மருந்து தின்ற எலிதான். அந்த மருந்துக்கும் ஒரு கதை உண்டு. 1920-களில் அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. காரணத்தைத் தேடிப்போய்க் கிடைத்த பொருளின் வழியில்தான் 1948-இல் வார்ஃபரின் எலி மருந்தாக வந்தது. இப்போது கடையில் கிடைக்கிற கட்டி மருந்தில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். தின்ற எலி உடனே சாகாது. மூன்று நாலு நாள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, தளர்ந்து, எங்கேயோ விழும். தளர்ந்த எலியைப் பிடிக்கிற கூகைக்கும் விஷம் போய்ச் சேரும். ராத்திரியில் எனக்குச் சம்பளம் வாங்காமல் எலி பிடிக்கிற பறவை அது. மீதி மருந்தை அன்றோடு எடுத்துவிட்டேன்.

பிறகு செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு உதவும். முதலில் கம்பு, கொள்ளு, கிழிந்த சாக்கு எல்லாவற்றையும் வெளியேற்றினோம். புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாமல், பிளீச்சிங் தண்ணீர் தெளித்து நனைத்து வழித்தெடுத்தோம். ஓட்டைப் பிரித்து மூன்று நாள் வெயில் காட்டினோம். அட்டாலியில் மட்டும் ஏழு கூடு. கைமரம் நன்றாக இருந்தது, பட்டியலை மட்டும் மாற்றி மங்களூர் ஓடு போட்டோம். அது ஒற்றை அடுக்கு, ஒளிய இடம் குறைவு. கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த வேப்பங்கிளையை வெட்டினோம்.

சுவர் ஓட்டைகளைச் சிமெண்டில் கண்ணாடிச் சில்லு கலந்து அடைத்தார் கொத்தனார். பென்சில் நுழைகிற சந்து போதும், சுண்டெலி நுழைந்துவிடும். ஒரு ஜோடி இருந்தாலும் மூன்று வாரத்துக்கு ஒரு ஈற்று, ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. அதனால் கதவின் அடியில் தகடு, சாக்கடைக்குக் கம்பி வலை, தானியத்துக்கு மூடி போட்ட தகர டிரம். மிச்சம் இருந்ததற்கு எலிப்பொறி. நடு அறையில் வைத்தால் சிக்காது, எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். சுட்ட தேங்காய்ச் சில்லு வைத்துச் சுவரோரமாக வைத்தேன். முதல் வாரத்தில் பதினொன்று. நாலாவது வாரத்தில் ஒன்றும் இல்லை.

சித்திரையில் அம்மாயியைக் கூட்டி வந்தோம். ஆசாரத்தில் நின்று ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தார்.

"ஓட்டைப் பிரிச்சியா கண்ணு?"

"மூணு நாள் வெயில் காட்டினோம் அம்மாயி."

"பெரிய மாமன் இதைச் செஞ்சிருந்தா இருந்திருப்பான்" என்றார். அப்புறம் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடச் சொன்னார். போட்டேன். அதில்தான் இப்போதும் படுக்கிறார்.