திண்ணையில் உட்கார்ந்தபடி லுக்ஸம்பூர் தோட்டம்

போன ஆகஸ்டில் ஒரு நாள் மாலை. மகள் வயிற்றுப் பேரன் எங்கள் வீட்டுத் திண்ணையில் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். இரண்டு முறை கூப்பிட்டேன், பதில் இல்லை. "எங்கேடா இருக்கே நீ?" என்று சத்தம் போட்டேன். காதில் விழாத பிள்ளைகளிடம் நாமெல்லாம் கேட்கிற வழக்கமான கேள்விதான். அவன் தலையைத் தூக்காமலே, "பாரீசுல தாத்தா. லுக்ஸம்பூர் தோட்டத்துல" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். உண்மையாகவே கைபேசியில் பாரீசு வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பொம்மைப் பையன் நின்றான். அதுதான் இவனாம். அந்தப் பையன் தோட்டத்தின் கிழக்கு வாசலில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவதென்று முழித்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: "நேரே பூல்வார் சேன்-மிஷேலைத் தாண்டு. எதிரே சூஃப்ளோ தெரு. அந்தக் கோடியில் பாந்தெயோன் தெரியும்." அவன் விரலால் தள்ளினான். பாந்தெயோன் வந்தது. பேரன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "தாத்தா, நீங்க பாரீசு போயிருக்கீங்களா?"

போனதில்லை. என் வயதில், நம் ஊரில், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் யாரும் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள். ஸேன், லுவார், கரோன், ரோன் நதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவோம். செஞ்சியாறு எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்போம். பத்து வருடம் உடம்பு புதுச்சேரி பெஞ்சியிலும் புத்தி பிரான்சிலுமாக உட்கார்ந்திருந்த எனக்கு, பேரன் செய்த காரியத்தில் ஒன்றும் புதுமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆனால் பத்து நாள் கழித்து அவன் முகம் தொங்கிப் போயிற்று. விளையாட்டை நடத்தும் கம்பெனி அவனுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. "இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டுவது அவ்வளவு பெரிய தப்பா தாத்தா?" என்று கேட்டான். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து, அதில் பாதிக் காலம் பயணப்படி பில்களைச் சரிபார்த்தவனிடம் கேட்ட கேள்வி. உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் போகேமோன் கோ. 2016 ஜூலையில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வெளிவந்தது. அந்த டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. கைபேசியைத் தூக்கிப் பிடித்தால் எதிரே இருக்கும் தெருவில் ஒரு கற்பனைப் பிராணி நிற்பதாகத் தெரியும். அதைப் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டுமானால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது, காலால் நடந்தாக வேண்டும். சில பிராணிகள் சில கண்டங்களில் மட்டும்தான் கிடைக்கும். மிஸ்டர் மைம் என்ற ஊமைக்கூத்தாடிப் பிராணி ஐரோப்பாவில்தான் கிடைத்து வந்தது. கங்காருவைப் போன்ற ஒன்று ஆஸ்திரேலியாவில். அதாவது எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமானால் உலகம் சுற்ற வேண்டும். விமான டிக்கெட் வாங்க முடியாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இதை உருவாக்கிய நியான்டிக் கம்பெனியின் ஜான் ஹாங்கி வரைபடக்காரர். அவருடைய முந்தைய கம்பெனி கீஹோல். 2004-ல் கூகுள் அதை வாங்கியது, அதிலிருந்துதான் நாம் வீட்டு மொட்டை மாடியைத் தேடிப் பார்க்கும் கூகுள் எர்த் வந்தது. 2012-ல் இன்கிரெஸ் என்ற விளையாட்டை இதே குழு வெளியிட்டது. ஊரூராகச் சிலைகளையும் கோயில்களையும் நினைவுச் சின்னங்களையும் குறித்துக் கொடுத்தவர்கள் அதை விளையாடியவர்களே. அவர்கள் சேர்த்த பட்டியல்தான் பிறகு போகேமோன் கோவுக்கு அடித்தளமாயிற்று.

கைபேசிக்கு நாம் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது? மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் மெல்லிய வானொலி அலைகளைக் கேட்டு, அவை வந்து சேர்ந்த நேரத்தைக் கணக்கிட்டுத் தெரிந்துகொள்கிறது. ஆனால் விளையாட்டுச் செயலி தானாக வானத்தைப் பார்ப்பதில்லை. கைபேசியிடம் கேட்கிறது, அது சொல்வதை நம்புகிறது. நம் அலுவலகத்தில் தபாலை நேரே தபால்காரரிடமா வாங்கினோம்? பியூன் கொண்டு வந்து வைத்ததைத்தானே பிரித்தோம். அந்தப் பியூனைக் கைக்குள் போட்டுக்கொண்டு வேறு கடிதத்தை வைக்கச் சொன்னால் எப்படியோ, அதுதான் இடத்தை மாற்றிக் காட்டும் செயலியின் வேலை. ஆன்ட்ராய்டு கைபேசியில் போலி இடத்தைக் கொடுக்கும் வசதியைக் கைபேசிக்காரர்களே வைத்திருக்கிறார்கள். செயலி எழுதுகிறவர் சென்னையில் உட்கார்ந்து கொண்டு லண்டனில் அது எப்படி வேலை செய்யும் என்று சோதித்துப் பார்க்க வேண்டுமல்லவா? அதற்காக வைத்த கதவு வழியாகத்தான் பிள்ளைகள் நுழைகிறார்கள்.

ஆனால் இந்த வித்தை கைபேசிக்கு வெகு காலம் முன்பே பிறந்தது. நான் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது பொய்ப் பாரீசின் கதை.

1918 ஜனவரி முதல் ஜெர்மனியின் கோத்தா விமானங்கள் இரவில் வந்து பாரீசு மேல் குண்டு போட்டன. அந்தக் காலத்து விமானிக்கு வழி சொல்ல இன்றைக்கு இருப்பது போன்ற கருவிகள் கிடையாது. நிலா வெளிச்சத்தில் மின்னும் ஆறு, ரயில் நிலையத்து விளக்குகள், இவைதான் அடையாளம். பிரெஞ்சுக்காரர்கள் யோசித்தார்கள்: இதே அடையாளங்களை வேறு இடத்தில் வைத்தால் என்ன? மெஸோன்-லஃபித் அருகே ஸேன் நதி பாரீசுக்குள் வளைவதைப் போலவே வளைகிறது. அங்கே ஒரு பொய் நகரம், வடகிழக்கே வில்பேன்த் பக்கம் ஒரு பொய் ரயில் நிலையம், கிழக்கே ஷெல் அருகே பொய்த் தொழிற்சாலைகள் என்று திட்டம் போட்டார்கள். விளக்கு வேலையை ஃபெர்னான் ஜாகோபோஸ்ஸி என்ற இத்தாலியில் பிறந்த மின் நிபுணரிடம் கொடுத்தார்கள். அவர் கூடாரத் துணிக்குச் சாயம் பூசி அழுக்கேறிய கண்ணாடிக் கூரையாக்கினார். உலை எரிவதுபோல் வெள்ளை, மஞ்சள், சிவப்பு விளக்குகளை மாற்றி மாற்றி எரித்தார். பலகை ரயில் மேல் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிய, மேலிருந்து பார்த்தால் ரயில் ஓடும். திட்டத்தில் ஒரு பகுதிதான் முடிந்தது, அதற்குள் போர் முடிந்துவிட்டது. ஜாகோபோஸ்ஸிக்கு வேலை போகவில்லை. 1925-ல் சித்ரோயேன் கார் கம்பெனிக்காக ஈஃபெல் கோபுரத்தையே விளக்கால் அலங்கரித்தவர் அவர்தான். நம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே நிற்கும் நினைவுச் சின்னம் அதே போரில் போய் இறந்த நம் ஊர்க்காரர்களுக்கு எழுப்பியது. அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்தப் பலகை ரயில் நினைவுக்கு வரும்.

இரண்டாம் உலகப் போரில் விளக்குக்குப் பதில் வானொலி. பிரான்சைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் வழிகாட்டும் வானொலி நிலையங்களை வைத்து விமானங்களை அனுப்பினார்கள். 1940-ல் ஆங்கிலேயர்கள் அந்த அலையைப் பிடித்து, அதே அலைவரிசையில் தங்கள் நாட்டிலிருந்து திருப்பி ஒலிபரப்பினார்கள். விமானி கேட்பது அவனுடைய நிலையத்தின் குரல்தான், ஆனால் வருவது வேறு திசையிலிருந்து. இதற்கு மீக்கன் என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல் இன்றைக்கும் விமானத் துறையில் புழங்குகிறது.

செயற்கைக்கோள் வழிகாட்டலின் கதையோ இன்னும் வேடிக்கை. 1983 செப்டம்பர் 1-ந் தேதி வழி தவறி சோவியத் எல்லைக்குள் போன கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அமெரிக்க அதிபர் ரீகன் ராணுவத்துக்கென்று செய்த ஜி.பி.எஸ். முறையை மற்ற நாட்டு விமானங்களும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார். ஆனால் சரியான இடத்தைக் கொடுக்கவில்லை. எதிரிக்கு உதவக் கூடாதென்று பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை சேர்த்தார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கடற்கரைச் சாலையில் நிற்கிறவனைக் கடலுக்குள் நிறுத்தினாலும் நிறுத்தும்! 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் ஆணைப்படி அந்தப் பிழையை நீக்கினார்கள். நீக்கிய மறுநாளே, மே 3-ந் தேதி, அமெரிக்காவின் ஓரெகன் மாநிலத்தில் ஒருவர் காட்டில் ஒரு வாளியைப் புதைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டு, கண்டுபிடியுங்கள் என்றார். இடத்தை வைத்து விளையாடும் விளையாட்டுகள் பரவியது அங்கிருந்துதான். இடம் உண்மையாகக் கிடைக்கத் தொடங்கிய மறுநாளே விளையாட்டு வந்துவிட்டது பாருங்கள்.

பொய்யும் நிற்கவில்லை. 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த சுமார் இருபது கப்பல்களின் கருவிகள், தாங்கள் கரையில் உள்ள ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. மாலுமிகள் சன்னலுக்கு வெளியே பார்த்தால் தண்ணீர்!

இனி நம் பேரன் கதை. இவனை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கம்பெனி தன் வழிகளையெல்லாம் வெளியே சொல்வதில்லை. ஆனால் விளையாடுகிற பிள்ளைகள் எல்லாரும் அறிந்த ஒன்று உண்டு. புதுச்சேரியில் ஒரு பிராணியைப் பிடித்துவிட்டு அடுத்த ஐந்தாவது நிமிடம் பாரீசில் பிடித்தால் மாட்டிக்கொள்வாய், தூரத்துக்கு ஏற்றபடி இரண்டு மணி நேரம் வரை சும்மா இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயணப்படி பில்லில் நான் பார்த்ததும் இதையேதான். (டி.ஏ. பில் என்று எழுதினால் அகவிலைப்படியா பயணப்படியா என்று தமிழில் தெரியாது, அதனால் முழுதாகவே எழுதுகிறேன்.) நம் பிரதேசத்தின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். காரைக்கால் தெற்கே, யானம் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில், மாஹே அந்தக் கோடியில் கேரளக் கடற்கரையில். சுற்றுப்பயணம் போகாமல் போனதாக எழுத இதைவிட வசதியான பிரதேசம் இந்தியாவில் கிடையாது. நான் யாரையும் போய்ப் பார்த்ததில்லை. தேதியையும் நேரத்தையும் மட்டும் பார்ப்பேன். ஒரு ஊர்ப்பெயரில் பொய் தெரியாது, இரண்டு ஊர்ப்பெயர்களுக்கு நடுவே இருக்கும் நேரத்தில் தெரிந்துவிடும்.

அப்படி ஒரு பில். எந்த அலுவலகம் என்று வேண்டாம். ஒருவர் 12-ந் தேதி இரவு யானத்தில் தங்கல், 13-ந் தேதி காலை பத்து மணிக்கு மாஹேயில் ஆய்வு என்று எழுதியிருந்தார். ரயிலில் எப்படி வந்தாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். பச்சை மையில் அல்ல, அது அதிகாரிகளுக்கு, என் நீல மையில் ஆட்சேபணை எழுதினேன். பணம் பிடித்தம் செய்தார்கள், விளக்கம் கேட்டார்கள். அவருடைய மனைவி அந்த வாரம் முழுக்கச் சென்னையில் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதும், இவருக்கு விடுப்பு ஒரு நாள்கூடப் பாக்கி இல்லை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆட்சேபணை சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச்சான்று கொடுக்க வங்கிக்குப் போகும்போது அவரைப் பார்ப்பேன். இரண்டு பேரும் உடம்போடு வந்து நாங்கள் இருக்கிறோம் என்று காட்ட வேண்டிய இடம் அது. "என்ன சார், சௌக்கியமா?" என்று அவர்தான் முதலில் கேட்பார்.

விளையாட்டிலும் இந்த இரண்டு பக்கமும் உண்டு. கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றுவட்டாரத்தில் பிடிக்க ஒன்றும் இருப்பதில்லை. நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இந்தச் செயலியைத் தேடுகிறார்கள். மறுபக்கம், தைவானில் ஒரு பெரியவர், நம் வயதுக்காரர்தான், பேரன் சொல்லிக் கொடுத்து இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டு, சைக்கிளில் பல கைபேசிகளை விசிறிபோல் கட்டி ஊர் சுற்றினார். படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அவர் மிதித்து மிதித்துப் பிடித்த இடத்தை, கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருவன் பறித்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

நியான்டிக் கம்பெனி மூன்று படி தண்டனை வைத்திருந்தது. முதலில் ஏழு நாள், அரிய பிராணி எதுவும் கண்ணில் படாது. அடுத்து முப்பது நாள் கணக்கு முடக்கம். மூன்றாவது முறை நிரந்தரமாக மூடல். செயலி செய்கிறவர்களையும் விடவில்லை. 2019-ல் குளோபல் பிளஸ்பிளஸ் என்ற குழு மேல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 2021-ல் ஐம்பது லட்சம் டாலர், நிரந்தரத் தடை என்று முடிந்தது.

நடுவில் கொரோனா வந்தது. யாரும் தெருவில் இறங்க முடியாது. 2020-ல் கம்பெனியே, தூரத்தில் நடக்கும் போட்டியில் வீட்டிலிருந்தே கலந்துகொள்ள ஒரு அனுமதிச் சீட்டு விற்றது. 2023-ல் அதன் விலையை ஏறக்குறைய இரு மடங்காக்கி, ஒரு நாளைக்கு ஐந்துதான் என்று வரம்பும் போட்டார்கள். பிள்ளைகள் கொதித்தார்கள். பணம் கட்டினால் அனுமதிச் சீட்டு, கட்டாவிட்டால் குற்றமா என்று பேரன் கேட்டான். அரசாங்க ஊழியனிடம் கேட்கிற கேள்வியா இது!

அவனிடம் யானம் பில்லைச் சொன்னேன், மனைவி ஆஸ்பத்திரியில் இருந்ததையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எனக்கு ஆஸ்பத்திரி ஒண்ணும் இல்லையே தாத்தா" என்று சொல்லிவிட்டுச் செயலியை எடுத்துவிட்டான். இப்போது மாலையில் கடற்கரைச் சாலையில் நடந்துதான் பிடிக்கிறான். சில நாள் நானும் போகிறேன். மருத்துவர் நடக்கச் சொல்லி மூன்று வருடமாகிறது.

போன வாரம் நினைவுச் சின்னத்து எதிரே உட்கார்ந்திருந்தபோது, சாதாரண வரைபடத்தில் மெஸோன்-லஃபித்தைத் தேடிக் காட்டச் சொன்னேன். விரலால் பெரிதாக்கினான். ஸேன் உண்மையிலேயே அப்படித்தான் வளைகிறது. இருட்டில், மேலிருந்து பார்த்தால், நானே பாரீசு என்று நினைத்திருப்பேன்.