'ராகுல்' என்றால் என்ன அர்த்தம்? ராகு காலத்துக்கும் இந்தப் பெயருக்கும் என்ன சம்பந்தம்?

டீம் மீட்டிங்கில் 'ராகுல்' என்று கூப்பிட்டால் இரண்டு பேர் அன்மியூட் செய்கிறார்களா? இந்தியாவின் எந்த ஆபீஸிலும் நடக்கக்கூடியதுதான். ஆனா அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்னு தேடினா, குழந்தைப் பெயர் தளங்கள் 'திறமையானவன்', 'துன்பங்களை வெல்பவன்' என்கின்றன. கேட்க நல்லாத்தான் இருக்கு. பழைய கதை வேறு.

பெயர் புத்தரின் மகனுடையது. பாலி மரபுப்படி, மகன் பிறந்த செய்தி வந்தபோது சித்தார்த்தர் மகிழவில்லை. தன்னைக் கட்டிப்போட ஒரு பந்தம் பிறந்துவிட்டது என்றாராம். அந்தச் சொல்லையே தாத்தா சுத்தோதனர் பேரனுக்குப் பெயராக்கிவிட்டார். அன்று இரவே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். இன்னொரு பௌத்த மரபில், சந்திர கிரகணத்தின்போது பிறந்ததால் ராகுலன்.

இரண்டு கதைக்கும் பொதுவாக நிற்பது ராகு. ஆமாம், நீங்க காலண்டரில் பார்க்கும் அதே ராகுதான். 'பற்றிப் பிடித்தல்' என்ற பொருளுள்ள சமஸ்கிருத வேரிலிருந்து வந்த சொல் என்கின்றன அகராதிகள். நிலவைப் பிடித்தாலும் சரி, அப்பாவின் காலைப் பிடித்தாலும் சரி, பிடி ஒன்றுதான். ராகு காலத்தில் புது பைக்கை வெளியே எடுக்காத வீட்டில்கூட ஒரு ராகுல் இருப்பார், கவனிச்சிருக்கீங்களா?

ராகுலன் 7 வயதிலேயே துறவியானான். பொய் சொல்வது பற்றிப் புத்தர் அவனுக்குச் சொன்ன அறிவுரையை, எல்லோரும் கேட்க வேண்டிய உரைகளில் ஒன்றாக அசோகர் கிமு 3ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டவைத்தார். ராஜஸ்தானின் பைராட்டில் கிடைத்த அந்தக் கல்வெட்டில் பெயர் 'லாகுல' என்றிருக்கிறது. மாகதிப் பேச்சில் 'ர' வராது, 'ல'தான். கல் இப்போது கொல்கத்தாவில்.

1930இல் கேதார்நாத் பாண்டே என்பவர் இலங்கையில் பிக்குவானபோது இந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். 'வால்காவிலிருந்து கங்கை வரை' படித்தவர்களுக்குத் தெரியும், ராகுல் சாங்கிருத்யாயன். பிறகு பாலிவுட். 1990இல் 'ஆஷிகி', 1998இல் 'குச் குச் ஹோதா ஹை', 2013இல் 'சென்னை எக்ஸ்பிரஸ்' என எல்லாவற்றிலும் ஹீரோ ராகுல்தான். டிராவிட், கே.எல்., காந்தி பற்றி நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மகனுக்கு இந்தப் பெயரை வைக்கப் போறீங்களா? வீட்டுப் பெரியவர்கள் ராகுவைச் சொல்லித் தயங்கினால், புத்தர் மகன் பெயர் என்று தாராளமா சொல்லுங்க. அந்த 'திறமையானவன்' அர்த்தத்தை மட்டும் அழைப்பிதழில் அச்சடிக்க வேண்டாம்.