யாழ்ப்பாணக் கடற்றொழிலும் பிளாஸ்டிக்கு வகைகளும்

குருநகர், பாசையூர், மயிலிட்டி, வல்வெட்டித்துறை முதலிய யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கரையூர்களில் முற்காலத்து வலைகள் பருத்தி நூலாலும் சணல் நூலாலும் பின்னப்பட்டன. ஈரத்திலே உக்கிப்போகும் ஸ்வபாவமுடைய அந்நூல்களைக் காக்கும்பொருட்டு, மரப்பட்டையை அவித்து இறக்கிய சாயத்தில் வலையைத் தோய்ப்பதும், கடலிலிருந்து மீண்டபின் மணலில் விரித்து உலர்த்துவதும் மீன் பிடிப்பதற்கு நிகரான உழைப்பாயிருந்தன.

1935இல் அமெரிக்காவின் டூபோண்ட் ஆய்வுகூடத்தில் வாலஸ் கறோதர்சின் குழுவினர் ஆக்கிய, ஈரத்தில் உக்காத நைலோன், 1950களின் பிற்பகுதி முதல், இயந்திரப் படகுகளோடு இலங்கைக் கரைகளிற் பரவியபோது அவ்வுழைப்பு ஒழிந்தது. நைலோன் நீரை உறிஞ்சும். நனைந்தால் அதன் பலம் பத்திலொரு பங்களவு குறையவும் செய்யும். ஆயினும் நன்றாக இழுபட்டு மீளும் குணத்தால், சிக்கிய மீன் துள்ளும் அதிர்ச்சியை அது அறுபடாமல் தாங்குகிறது.

பொலித்தீன் இதற்கு மாறானது. 1933இல் இங்கிலாந்தின் நோத்விச்சில், உயர் அமுக்கப் பரிசோதனையொன்றில் தற்செயலாகத் தோன்றிய இவ்வஸ்து நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதேயில்லை. எனினும் நைலோன் அளவு இழுபட்டு மீளாது. இரண்டையும் பிரித்தறியக் கடல்நீர் வாளி ஒன்றே போதும்: கடல்நீரின் அடர்த்தி 1.025 ஆகவும் நைலோனினது 1.14 ஆகவும் இருத்தலின் நைலோன் நூற்றுண்டு அமிழ்ந்துவிடும், 0.95 அளவான பொலித்தீனும், 0.91 அளவான பொலிப்புரொப்பிலீனும் மிதக்கும். செவுள்வலைக்கு நைலோனும், மிதக்கவேண்டிய கயிற்றுக்கு மற்றிரண்டும் விரும்பப்படுவதன் காரணம் இதனால் விளங்கும். வெயில் இம்மூன்றுக்கும் பொதுப்பகை. நிழலற்ற கரையில் நெடுநாள் கிடந்த கயிறு கையிலே தூளாய் உதிர்வது கடலோரத்தார் நன்கறிந்ததே.

படகுக்கு ஏற்றது வேறொரு இனம். 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு தோன்றிய சீநோர் நிறுவனம் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் காரைநகரிற் படகு கட்டும் தளத்தையும் நடத்தியது. அங்கு கட்டப்பட்டவை போன்ற, கண்ணாடி இழைமீது பொலியெஸ்டர்ப் பிசினைப் பூசி இறுகச்செய்த படகு மரத்தைப்போல் உளுக்காது, ஆண்டுதோறும் பெரும் பராமரிப்பையும் வேண்டாது. ஆனால் நைலோனும் பொலித்தீனும் வெப்பத்தில் உருகி மறுவடிவு பெறத்தக்கனவாயிருக்க, ஒருமுறை இறுகிய இப்பிசின் மீண்டும் உருகமாட்டாது. ஆதலின் உடைந்த படகை ஒட்டுப்போடலாமேயன்றி உருக்கி வார்க்க இயலாது.

உக்காமையே நைலோனின் பேரனுகூலம், பிரதிகூலமும் அதுவே. அறுந்து கடலில் விடுபட்ட பருத்தி வலை காலப்போக்கில் அழிந்தொழிய, நைலோன் வலை உரியவனின்றியே நெடுங்காலம் மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டிருக்கும். நீருக்குள் கண்ணுக்குப் புலப்படாத ஒற்றையிழைத் தங்கூசி வலையில் இத்தீங்கு மிகுதி. இலங்கையில் அதன் பாவனை சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. ஆயினும் மலிவாலும் மிகுந்த பிடிபாட்டாலும் அதனைக் கைவிடத் தயங்குவோர் பலர்.