எல்லைப்புறத்தில் புத்தர் வழிபாடு

கிருஷ்ணகிரிக்கு வடக்கே, மாநில எல்லைக்கு அப்பால் இருக்கிறது கோலார் தங்கவயல். ஓசூரில் தொழிற்பேட்டை வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தமிழ்த் தொழிலாளர்கள் பிழைப்புத் தேடிப் போன இடம் அது. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்க வேலையைத் தொடங்கியபின் வட ஆற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அவர்களில் பலர் சாதியின் பெயரால் ஊர்க் கோயில்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்.

இத்தகைய சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பினார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். அதன் கிளை தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் வேரூன்றியது. 1907-இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் பின்னர் ‘தமிழன்’ ஆயிற்று. 1914-இல் அவர் மறைந்தார். 1926 முதல் அந்த இதழைத் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் நடத்தினார்.

சுரங்கத் தொழிலாளிக்குப் பௌத்தம் ஏன் பிடித்தது என்பதற்குப் பௌத்தக் கோயிலான விகாரையின் நடைமுறையிலேயே விடை இருக்கிறது. அங்கே அர்ச்சனைச் சீட்டு கிடையாது, தேங்காய் உடைப்பது கிடையாது, நடுவில் நிற்கும் பூசாரியும் கிடையாது. செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் பூவைத் தம் கையாலேயே புத்தர் முன் வைக்கலாம். ஐந்து ஒழுக்க உறுதிகளான பஞ்சசீலத்தைத் தாமே சொல்லலாம். வாசலில் நிறுத்தப்பட்டே பழகியவர்களுக்கு இது சிறிய மாற்றமல்ல. சுற்றுலாப் பயணிக்கும் பொருந்தும் மற்ற வழக்கங்களும் எளியவை: வலமாகச் சுற்றுவது, தரையில் உட்காரும்போது சிலைப் பக்கம் காலை நீட்டாதிருப்பது, தியானத்தில் இருப்பவர் அருகே பேசாதிருப்பது. புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வதை இலங்கையில் அவமதிப்பாகவே கருதுகிறார்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் தெற்கே வரும் நெடுஞ்சாலையில் சேலத்தை அடைந்தால் வேறொரு வரலாறு. ஆய்வாளர் மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ நூலில், பழைய பௌத்தக் கோயில்கள் கிராம தேவதைக் கோயில்களாக மாறியதைப் பற்றி எழுதியிருக்கிறார். சேலம் பெரியேரியின் தலைவெட்டி முனியப்பன் கோயில் அதற்குக் கண்முன் உள்ள சான்று. தாமரைப் பீடத்தில் அமர்ந்த உருவம். மடியில் தியான முத்திரையில் கைகள். சுருள்முடி, நீண்ட காதுமடல். துண்டான தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து உடலோடு ஒட்டியிருக்கிறார்கள். அது இடப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறது.

இந்த முனியப்பன் உருவம் புத்தர் சிலையே என்று 2011-இல் தொடரப்பட்ட வழக்கில், தொல்லியல் துறையின் ஆய்வறிக்கையைக் கொண்டு சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தது. முனியப்பனாக அதைத் தொடர்ந்து வழிபடுவது பௌத்தக் கொள்கைக்கே முரண் என்றார் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். இடத்தை அறநிலையத் துறையிடமிருந்து தொல்லியல் துறை ஏற்க வேண்டும், புத்தர் சிலை என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், பொதுமக்கள் வந்து பார்க்கலாம், பூசையோ சடங்கோ நடத்தக் கூடாது என்பது உத்தரவு.

தீர்ப்பு நியாயமானது. அதற்காக ஊர் மக்களின் பக்தியைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. வெட்டுண்ட சிலை கேட்பாரற்றுப் போகாமல் காத்தவர்கள் அவர்கள்தாம். அங்கே செல்லும் பயணி முனியப்பனைக் கும்பிட வந்தவர்களிடம் வாதம் செய்யாமல் பார்த்துத் திரும்புவதும் மரியாதையில் சேர்த்திதான். ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் உள்ள இரண்டு பெரிய புத்தர் சிலைகளையும் ஊர்க்காரர்களே பேணி வந்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொண்டு பார்ப்பதே முறை.