தேயிலை இலையில் நீந்தும் பாசி

பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்கு வெளிநாட்டார் வந்துபோவது பெரும்பாலும் ஜூலியா மார்கரெட் கேமரனைத் தேடித்தான். விக்டோரியா காலத்தின் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் அவர். 1875இல் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் இந்த மலைப்பக்கத்திலேயே காலமானார். அடுத்த ஆண்டு கணவர் சார்ல்ஸ் ஹே கேமரனும் அவரருகே அடக்கம் செய்யப்பட்டார். குடும்பம் நம்பியிருந்தது கோப்பியை. கோப்பியோ இலைத்துரு நோயால் செத்துக்கொண்டிருந்தது.

அந்த நோயை ஆராய 1880இல் பேராதனைக்கு வந்துசேர்ந்தார் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர். 1869இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் தென்பட்ட துரு, அவர் வருவதற்குள் மலைநாடெங்கும் பரவிவிட்டது. 1878 அளவில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி மட்டுமே நின்றது; நோய் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குத் தாவுவதைத் தடுக்க இடையில் வேறு பயிர் இல்லை. கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, பூஞ்சண வித்துகள் காற்றோடு வருவதை வார்ட் நிரூபித்தார். நோயின் வழி தெரிந்ததே தவிர கோப்பி பிழைக்கவில்லை. மலைகள் தேயிலைக்கு மாறின.

வார்ட்டின் நுண்ணோக்கியில் பூஞ்சணம் மட்டும் அகப்படவில்லை. வெப்பநாட்டு இலைகளின் மேல் படர்ந்து வாழும் ஒரு பாசியையும், அதோடு பூஞ்சணம் கூடும்போது உருவாகும் லைக்கனையும் அவர் நுணுகி ஆராய்ந்தார். அந்தக் கட்டுரை 1884இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. 1870களிலேயே கல்கத்தாவில் கன்னிங்ஹாம் என்பவர் இதே பாசியை விவரித்திருந்தார். இன்று அறிவியல் நூல்கள் அதைச் செஃபலூரோஸ் என்கின்றன. தேயிலைக்காரர்களுக்கு அது செந்துரு.

துரு என்று பெயர் பெற்றாலும் இது பூஞ்சணம் அல்ல. குளத்துப் பச்சைப்பாசியின் உறவுதான். ஆரஞ்சு நிறமி ஒன்று பச்சையை மறைத்துவிடுகிறது. இலையில் வெல்வெட் துணி ஒட்டியதுபோல் சிறு வட்டங்களாகத் தெரியும். அதன் வித்துப்பைகளைக் காற்றும் மழைத்துளியும் கொண்டுபோகின்றன. ஈரமான இலையில் விழுந்ததும் பை உடைந்து, சாட்டை இழை கொண்ட நுண்ணுயிர்கள் வெளிவந்து அந்தத் துளிக்குள்ளேயே நீந்தத் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை மே மாதம் டிக்கோயா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் இலை காய்வதே அபூர்வம். பாசிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

தேயிலைத் தோட்டக்காரர்களுக்கு முன்பே பாசித் தொல்லையோடு மல்லுக்கட்டியவர்கள் லண்டனில் இருந்தார்கள். ரொபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1849இல் கண்ணாடித் தொட்டியில் மீனும் நீர்ச்செடியும் வைத்துப் பார்த்தார். செடி அழுகியது, பாசி படர்ந்தது. நத்தைகளை விட்டதும் அவை தின்று தீர்த்தன, தொட்டி தெளிந்தது. அடுத்து கடல்நீரை நிரப்பியபோது கடற்பாறை நத்தைகளைக் காவலுக்கு வைத்தார். 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய மீன்தொட்டி நூல் இங்கிலாந்தில் ஒரு மோகத்தையே கிளப்பியது. ஜன்னலோரம் கடல்நீர்த் தொட்டி வைத்த வீடுகளில் வெயில் பட்டுக் கண்ணாடி பச்சையாயிற்று. இன்றைய உப்புநீர்த் தொட்டிக்காரரும் பாசி தின்னும் நத்தையைத்தான் வாங்குகிறார். கூடுதலாக நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் அளக்கிறார், தீனியைக் குறைக்கிறார், விளக்கு நேரத்தைச் சுருக்குகிறார்.

மருந்தால் கொல்லும் வழி 1904இல் கிடைத்தது. அமெரிக்க வேளாண் துறையின் மூரும் கெல்லர்மனும், மிகக் குறைந்த அளவு செப்பு சல்பேட் போட்டால் குடிநீர்த் தேக்கத்துப் பாசி அழியும் என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அசாமில் ஹரோல்ட் மானும் ஹட்சின்சனும் தேயிலையின் செந்துருவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். செப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்தோ கலவை தேயிலைக்கும் வந்தது. ஆனால் அவர்களுடைய ஆய்வில் மருந்தைவிட முக்கியமான ஒன்று இருந்தது: பாசி பிடிப்பது பெரும்பாலும் நலிந்த செடியைத்தான். மண் செத்து, நீர் தேங்கி, உரம் குறைந்த இடத்தில் அது தண்டுக்குள்ளும் இறங்கிவிடும். பொட்டாசியக் குறைவுக்கும் இதில் பங்கு உண்டு என்பது பின்னால் தெளிவாயிற்று. இலங்கையில் செந்துரு அசாம் அளவுக்கு ஆடியதில்லை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் தோமஸ் பெட்ச், தேயிலை நோய்களைப் பற்றி 1923இல் எழுதிய நூலில் பூஞ்சணங்களோடு இந்தப் பாசிக்கும் இடம் கொடுத்தார்.

தோட்டத்திலும் மீன்தொட்டியிலும் செப்பின் குணம் ஒன்றுதான், விளைவு வேறு. மலையில் இலைமேல் அடித்த மருந்தை மழை மண்ணில் சேர்க்கிறது. கடல்நீர்த் தொட்டியில் செப்பைப் போட்டால் பாசிக்கு முன் நத்தையும் இறாலும் பவளமும் சாகும். செப்பு தொட்டியின் சுண்ணாம்பு மணலில் ஒட்டிக்கொண்டு பிறகும் கசியும். பாசியை ஒழிக்கப் போய், பாசி தின்பவற்றை ஒழித்த கதையாகிவிடும்.

தோட்டத்தில் பாசியோடு நேருக்கு நேர் நின்றவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். கவ்வாத்து வெட்டி மிலாறை (வெட்டிய கிளைகளை) ஒதுக்கியபின், பழைய தண்டில் கம்பளமாய்ப் படிந்த பாசியையும் லைக்கனையும் சுரண்டி எடுப்பது தொழிலாளர் வேலை. புதுத் துளிர் தண்டின் மொட்டுகளிலிருந்து கிளம்ப வேண்டும். பாசி மூடினால் தடைபடும். கான் (வடிகால்) வெட்டி நீரை வடியவிட்டதும், குனிந்து உரம் போட்டதும் அதே கைகள். மான் காகிதத்தில் சொன்ன மருத்துவத்தில் பெரும்பகுதி இதுதான். நோய் வரலாறுகளில் இந்த வேலைக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது கணக்கு சிக்கலாயிற்று. அது பூஞ்சணம், இளங்கொழுந்தையே குறிவைப்பது. நிழலும் ஈரமும் அதற்குப் பிடிக்கும் என்பதால் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கழித்தார்கள், பல இடங்களில் வெட்டியே போட்டார்கள். செப்பு மருந்து அடிப்பது மழைக்கால வழக்கமாயிற்று. பின்னர் வெயில் நேரத்தை அளந்து, எந்த நாளில் மருந்து அடிப்பது என்று முடிவு செய்யும் முறையையும் ஆராய்ச்சியாளர்கள் வகுத்தார்கள்: வெயில் குறைந்தால் இலை காயாது, நோய் ஏறும். ஆனால் செந்துருவுக்கு ஒளி பிடிக்கும். நிழலில்லாத வெட்டவெளியில் நலிந்து நிற்கும் இளஞ்செடிதான் அதற்கு எளிய இரை. கொப்புளத்துக்காக மரத்தைக் கழித்த துரைமார், அதே மலையில் பாசிக்கு வெளிச்சம் திறந்துவிட்டார்கள். அதனால் எந்த மலையில் எத்தனை மரம் நிற்கலாம், எந்த மாதத்தில் கிளை கழிக்கலாம் என்ற பேச்சு தோட்ட நிர்வாகத்தில் ஓயவில்லை.